வீட்டில் ஆட்டுச் சாப்ஸை ஊறவைத்துத் தணலில் வாட்டுதல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து உறவினர்களும் அயலவர்களும் தணலில் வாட்டும் ஆட்டிறைச்சியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பரவலாகக் கிடைக்கும் சமையல் குறிப்புகளுள் பெரும்பாலானவை இளம் செம்மறிக் குட்டியின் இறைச்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் கைக்கு வருவதோ வேறு ஆடு, வேறு வெட்டு. நாம் அடுப்பு மூட்டும் இடமும் ஈரமும் குளிருமான உயர்ந்த மலை. குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியும் இறைச்சி தோல்போல் இறுகிப்போனதாகப் பலர் வருந்துவதற்கு இந்த வேறுபாடுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஊர்க் கடைகளில் "மட்டன்" என்று விற்கப்படுவது செம்மறியா, வெள்ளாடா?

மலையக நகரங்களின் இறைச்சிக்கடைகளில் தொங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. இலங்கையின் செம்மறியாடுகள் மிகுதியும் வடக்கின் வறண்ட நிலங்களில் வளர்பவை. தோட்டங்களில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு, பின்னால் கொட்டில் கட்டி வளர்க்கப்படுபவை வெள்ளாடுகளே. செம்மறிக் குட்டியின் சாப்ஸ் வேண்டுமானால் கண்டி, நுவரெலியா போன்ற நகரங்களின் பெரிய பல்பொருள் அங்காடிகளில், அவுஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ உறைநிலையில் வந்த பொதிகளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெயரோடு நின்றுவிடுவதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறிக் குட்டியின் தசைநார் மெல்லியது. விலாவைச் சுற்றிக் கொழுப்பு நன்றாகப் படிந்திருக்கும். அந்தக் கொழுப்பு உருகி, அடுப்பில் இருக்கும்போதே இறைச்சியை நனைத்துக்கொண்டிருக்கும். வெள்ளாட்டிலோ தசைக்குள் கொழுப்பு குறைவு. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மேய்ந்த உடம்பாகையால் இணைப்புத்திசு அதிகம். ஆகவே, செம்மறிக்குப் பொருந்தும் கடும் வெப்பமும் குறைந்த நேரமும் வெள்ளாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்துவதில்லை. வெள்ளாட்டை வாங்குவதாயின் வயதைக் கேட்டு வாங்குங்கள். பல் போடாத குட்டி, அதாவது பால் பற்கள் விழுந்து முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைக்காத ஆடு, தணலுக்கு ஏற்றது. முதிர்ந்த கிடாயின் கொழுப்பில் கடுமையான வாடை இருக்கும். அதைக் கறியாக்குவதே நல்லது.

கடையில் எந்தப் பகுதியை, எப்படிக் கேட்டு வாங்க வேண்டும்?

என்னைக் கேட்டால், வேலையின் பாதி கடை வாசலிலேயே முடிந்துவிடுகிறது. "ஒரு கிலோ மட்டன்" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் வழக்கப்படி எல்லாப் பகுதியையும் கலந்து கறிக்குச் சிறு துண்டுகளாக வெட்டித் தந்துவிடுவார். அத்துண்டுகளைத் தணலில் போட்டால் வெளிப்புறம் சிவப்பதற்கு முன்பே உட்புறம் உலர்ந்துவிடும். "நானா, கறிக்கு வெட்ட வேண்டாம், விலாவையும் முதுகையும் எலும்போடு ஒரு அங்குல கனத்துக்குப் போட்டுத் தாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓரளவு கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் அவரும் பொறுமையாக வெட்டித் தருவார்.

ஆட்டுக்குப் பக்கத்துக்கு 13 விலா எலும்புகள். அவற்றுள் முதுகுப்பக்கமாக, நடுவிலிருந்து பின்னோக்கி இருப்பவற்றோடு ஒட்டிய தசைதான் மிக மென்மையானது. அது நடக்கவும் ஏறவும் அதிகம் உழைக்காத தசை. அதற்கும் பின்னால், இடுப்புக்கு முன்னுள்ள முதுகுத்தண்டுத் துண்டும் அதே தரமுடையது. முன்னந்தோள் துண்டில் சுவை கூடுதல். ஆனால் நார் அதிகம். நெஞ்சுப் பக்கத்து விலா, பலர் "சாப்ஸ்" என்று விரும்பிக் கேட்பது, கொழுப்பும் குருத்தெலும்பும் நிறைந்தது. அதை நேரடியாக வாட்டாமல் முதலில் வேகவைக்க வேண்டும்.

கனம் 2.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. மெல்லிய துண்டு சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைத்து அரை அங்குலத்துக்கு வெட்டி வாங்குபவர்கள், மேலே நிறம் வருவதற்குள் உள்ளே சாறு வற்றிப்போவதைக் காண்பார்கள். வீட்டுக்கு வந்ததும் எலும்புச் சில்லுகளை விரலால் தடவிப் பார்த்து அகற்றுங்கள். கட்டையில் வைத்துக் கத்தியால் வெட்டும்போது அவை கட்டாயம் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

போயா எனும் பௌர்ணமி தினத்தில் இறைச்சிக்கடைகள் மூடியிருக்கும் என்பதால் நீண்ட விடுமுறை வாரங்களில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

உறைந்த செம்மறிப் பொதியை எப்படி இளக்குவது?

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில், ஒரு தட்டத்தின்மேல், 24 மணித்தியாலம் வைத்து இளக்க வேண்டும். அவசரமானால் நீர் புகாத பையில் இறுகக் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரை மாற்றலாம். சுடுநீர் ஊற்றுவதும் அடுப்பு மேடையில் விட்டுவைப்பதும் கூடாது. இளகியபின் கசிந்திருக்கும் செந்நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

தீபாவளியன்று காலையில் அறுத்த ஆட்டை அன்று மதியமே வாட்டலாமா?

தோட்டங்களில் சில குடும்பங்கள் சேர்ந்து ஆட்டை வாங்கி, தீபாவளி விடியலில் அறுத்துப் பங்கு பிரித்துக்கொள்வது பழைய வழக்கம். அந்தப் பங்கு இறைச்சி கறிக்கு மிகச் சிறந்தது. தணலுக்கு அன்றைய தினம் பொருந்தாது. இதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. உயிர் போன சில மணித்தியாலங்களில் தசைகள் விறைத்துக்கொள்கின்றன. அந்த விறைப்பு நிலையில் வாட்டப்படும் துண்டு, எவ்வளவு இளம் ஆடாக இருந்தாலும், மெல்ல முடியாதபடி இறுகிவிடும். ஒரு நாள் குளிரில் ஓய்வெடுத்தபின் இறைச்சியின் சொந்த நொதிகளே நார்களைச் சிறிது சிறிதாக உடைத்து விறைப்பை நீக்குகின்றன. கறியில் நீண்ட நேரம் கொதிப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. பத்து நிமிடம் மட்டுமே நெருப்பைக் காணும் சாப்ஸில் அது அப்படியே வெளிப்பட்டுவிடும்.

எனவே, பங்கு பிரிக்கும்போதே விலாவையும் முதுகையும் வெட்டாமல் ஒரே பாளமாகக் கேட்டு வாங்குங்கள். வெதுவெதுப்பு அடங்கியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில், ஃப்ரீசரில் அல்லாமல் கீழ்த் தட்டில், வைத்து மறுநாள் துண்டாக்குங்கள். அறுத்த கையோடு ஃப்ரீசரில் திணிப்பது இரட்டிப்புத் தவறு. விறைப்பு முடிவதற்குள் கடுங்குளிர் பட்டால் தசை சுருங்கி, பின்னர் எதைச் செய்தாலும் மென்மையாகாது. தீபாவளிக்குக் கறி, மறுநாள் தணல் என்று வைத்துக்கொள்வதே எங்கள் வீட்டு ஒழுங்கு.

மசாலாவில் நீண்ட நேரம் ஊறவைத்தால் எந்த இறைச்சியும் மென்மையாகிவிடும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கைதான் பலரை ஏமாற்றுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊறவைக்கும் கலவையில் உள்ளவற்றுள் இறைச்சிக்குள் உண்மையாக ஊடுருவிச் செல்வது உப்பு ஒன்றுதான். அது ஓர் இரவில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உள்ளே போய்ப் புரதங்களைத் தளர்த்தி, வாட்டும்போது சாறு வெளியேறாமல் பிடித்துவைக்க உதவுகிறது. மிளகு, இஞ்சி, வெள்ளைப்பூண்டு, கறித்தூள் ஆகியவற்றின் மணம் மேற்பரப்பிலும் அதை ஒட்டிய சில மில்லிமீற்றரிலும் தங்கிவிடும். அது குறையன்று, சாப்ஸ் மெல்லியதாகையால் ஒவ்வொரு கடியிலும் மேற்பரப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் மசாலா உள்ளே போய் நாரைக் கரைக்கும் என்று எதிர்பார்த்து மூன்று நாள் ஊறவைப்பதில் பயன் இல்லை.

தேசிக்காய்ப் புளி புரதத்தின் கட்டமைப்பைக் குலைக்கும். சிறிது நேரம் பட்டால் மேற்பரப்பு இளகும். நீண்ட நேரம் பட்டால், நெருப்பில் வெந்ததுபோல வெளுத்து இறுகி, நீரை இழந்துவிடும். தயிரின் புளிப்பு மென்மையானது. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் துண்டின்மேல் ஒரு படலமாக நின்று கருகுவதைத் தாமதப்படுத்தும். சட்டியில் விற்கப்படும் எருமைத் தயிர் கெட்டியாக இருப்பதால் இதற்கு மிகவும் ஏற்றது.

பச்சைப் பப்பாளியிலும் புத்தம்புது அன்னாசியிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உள்ளன. அவை உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிலோ தோள் துண்டுகளைப் பப்பாளி விழுதில் இரவு முழுவதும் வைத்திருந்தேன். மறுநாள் வாட்டியபோது வெளிப்புறம் மாவுபோல் குழைந்து கம்பியில் ஒட்டிக்கொண்டது. உட்புறம் பழைய இறுக்கத்திலேயே இருந்தது. இப்போது ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுதுக்கு மேல் சேர்ப்பதில்லை. நேரமும் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவதில்லை. இளம் குட்டியின் விலாவுக்கு இது தேவையே இல்லை. தகரத்தில் அடைத்த அன்னாசி சூடாக்கப்பட்டது. அதில் அந்த நொதி அழிந்திருக்கும்.

மென்மை வெட்டிலும் வயதிலும் வெப்பத்தின் அளவிலும் கிடைக்கிறது. மசாலா சுவையைத் தருகிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதவர் வாட்டும் இறைச்சி பெரும்பாலும் தவறிப்போவதில்லை.

ஒரு கிலோவுக்கு நீங்கள் பயன்படுத்தும் அளவுகள் என்ன?

எலும்போடு ஒரு கிலோ சாப்ஸ் நான்கு பேருக்குப் போதும். அதற்கு மட்டமான 2 தேக்கரண்டி தூள் உப்பு, ஏறத்தாழ 12 கிராம். அம்மியில் நசுக்கிய 8 பல் வெள்ளைப்பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், சிறு துண்டு கறுவா, 2 கராம்பு, பொடியாக நறுக்கிய ஒரு கொத்துக் கறிவேப்பிலை, 4 மேசைக்கரண்டி கெட்டித் தயிர், 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். மிளகை உரலில் ஒன்றிரண்டாக இடித்து 2 தேக்கரண்டி எடுத்து, பாதியைக் கலவையிலும் பாதியை வாட்டி இறக்கியபின்னும் தூவுகிறேன். மாத்தளைப் பக்கத்து மிளகு கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் காரத்துக்கும் ஆட்டுக் கொழுப்புக்கும் அப்படியொரு பொருத்தம். தேசிக்காயை இறுதியில், பரிமாறும் தட்டில் பிழிகிறேன்.

சீனி, தேன், தக்காளிச் சோஸ் ஆகியவற்றைக் கலவையில் சேர்க்க வேண்டாம். இறைச்சி வேகும் முன்பே அவை கருகிக் கசந்துவிடும். இனிப்பு விரும்புபவர்கள் கடைசி நிமிடத்தில் சிறிது கித்துள் பாணியைத் தடவலாம்.

எவ்வளவு நேரம் ஊறவைப்பது? குளிர்காலத்தில் இரவு முழுவதும் வெளியில் வைத்தால் போதாதா?

இளம் ஆட்டுக்கு 4 மணித்தியாலம் போதுமானது. முதல் நாள் இரவே தடவி வைப்பது வசதியானது. 24 மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டாம். கண்ணாடி, எவர்சில்வர் அல்லது உட்புறம் மெருகிட்ட மண்பாத்திரம் நல்லது. தயிரும் புளியும் அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால் அலுமினியச் சட்டியைத் தவிர்க்க வேண்டும்.

வெளியில் வைப்பது பற்றிய கேள்விக்கு என் விடை உறுதியான "கூடாது". தை மாதத்தில் நுவரெலியாவில் புல்நுனியில் உறைபனி படியும் இரவுகள் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் லயத்துக் குசினியில் பகல் முழுக்க எரிந்த அடுப்பின் சூடு சுவரில் தங்கியிருக்கும். நமக்குக் குளிராகத் தெரியும் 15 பாகை செல்சியஸ், கிருமிகள் பெருகுவதற்குப் போதிய வெப்பம். பச்சை இறைச்சி 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நீண்ட நேரம் இருக்கக் கூடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், இறைச்சியை வாங்கிய அன்றே ஒரு மணித்தியாலம் மட்டும் ஊறவைத்து உடனே வாட்டிவிடுங்கள். வாட்டுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு குளிரிலிருந்து எடுத்தால் போதும்.

தேயிலைச் சாயத்தில் ஊறவைக்கலாமா?

தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இந்த ஆசை எழுவது இயல்பு. கடும் சாயத்தில் உப்புக் கரைத்து, நன்கு ஆறியபின் சில மணித்தியாலம் ஊறவைத்தால் நிறமும் ஒரு மெல்லிய துவர்ப்பும் கிடைக்கும். மென்மையாக்கும் ஆற்றலை அதில் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அந்தத் துவர்ப்பு ஆட்டுக் கொழுப்போடு பிடிக்கும். என் வீட்டில் மற்ற எவருக்கும் பிடிக்காது.

பார்பிகியூ அடுப்பு இல்லாதவர்கள் என்ன செய்வது?

இரண்டு வரிசைச் செங்கல், நடுவில் தணல், மேலே ஒரு கம்பிவலை. இதற்குமேல் தேவையில்லை. தணலுக்கும் வலைக்கும் இடையில் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விடுங்கள். தணலை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தை வெறுமையாக விடுவது மிக முக்கியம். கொழுப்பு ஒழுகித் தீப்பிடித்தால் துண்டுகளை அந்த வெறும் பக்கத்துக்கு நகர்த்தலாம்.

வலையைத் தேர்வதில் கவனம் வேண்டும். நாகப்பூச்சுள்ள கோழிக்கூட்டு வலையைப் பயன்படுத்தாதீர்கள். கடும் சூட்டில் நாகம் புகையாகி மூச்சுக்குத் தீங்கு செய்யும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டுக் கம்பியும் வேண்டாம்; அதன் பூச்சில் நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். பூச்சற்ற இரும்புக் கம்பி, அல்லது எவர்சில்வர் வலை பாதுகாப்பானது.

எந்த விறகு, எந்தக் கரி?

சிரட்டைக்கரியே என் முதல் தேர்வு. புகை குறைவாகவும் சூடு கடுமையாகவும் சீராகவும் இருக்கும். பச்சைச் சிரட்டையை அப்படியே எரித்தால் நெருப்பும் கரும்புகையும் எழும். அதை முதலில் எரித்துத் தணலாக்கியபின்தான் இறைச்சியை வைக்க வேண்டும்.

கவாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டப்படும் கிளை, நம் ஊருக்கே உரிய எரிபொருள். நன்கு காய்ந்த தடித்த மிலாறு வலுவான தணலைத் தரும். மருந்தடித்து அதிக நாள் ஆகாத தேயிலை மலையிலிருந்து வந்த மிலாறை இறைச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். கொய்யா விறகின் புகை நல்ல மணமுடையது. பைன் மரத்தில் பிசினும் யூக்கலிப்டஸில் எண்ணெயும் இருப்பதால் அவற்றின் புகை இறைச்சியில் மருந்துக் கசப்பாகப் படியும். அரளிக் குச்சியை விறகாகவோ இறைச்சி கோக்கும் ஈர்க்காகவோ ஒருபோதும் எடுக்காதீர்கள். அது முழுதும் நஞ்சு. வண்ணம் பூசிய பலகைகளும் அப்படியே விலக்கத்தக்கவை.

மலைக்காற்றின் ஈரத்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் சாக்கோடு வைத்த கரி தீப்பற்றவே மறுக்கும். மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைத்து, பயன்படுத்தும் நாளில் அடுப்போரம் ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கடைசித் துண்டு வரை போகாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வடகீழ்ப் பருவமழையில், மார்கழியை ஒட்டி வரும்.

வெளியில் மழை, கடுங்குளிர். தணலை வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரி எரியும்போது கார்பன் மொனொக்சைட் வாயு வெளியேறுகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. புகை தெரியாத செந்தணலிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். குருதியில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் தூக்கக்கலக்கம்போலத் தோன்றி, படுத்தவர் எழும்பாமலே போகும் ஆபத்து உண்டு. வாட்டி முடித்தபின் மீந்த தணலைக் குளிர்காய அறைக்குள் எடுத்துச்சென்று கதவைச் சாத்துவது, சாக்கை விரித்து யன்னலை அடைப்பது ஆகியவை குளிர் நாடுகளில் எத்தனையோ உயிர்களைக் குடித்த பழக்கங்கள். விடுமுறைக்கு நுவரெலியாவில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

மழையென்றால் பக்கங்கள் திறந்த கூரையின் கீழ், காற்றோட்டமான இடத்தில் வாட்டுங்கள். முடிந்ததும் தணலின்மேல் நீரூற்றி முழுதும் அணைத்துவிடுங்கள்.

எத்தனை நிமிடம் வாட்டுவது? வெந்துவிட்டதை எப்படி அறிவது?

தணலின்மேல் சாம்பல் வெண்மையாகப் படியும் வரை பொறுத்திருங்கள். வலைக்கு ஏறத்தாழ நான்கு விரல்கிடை மேலே உள்ளங்கையைப் பிடித்தால் 2 அல்லது 3 நொடிக்குமேல் தாங்க முடியாதிருந்தால் அது கடும் சூடு. 5 நொடி தாங்கினால் நடுத்தரம். துண்டுகளில் ஒட்டியிருக்கும் கலவையின் மிகுதியை வழித்துவிட்டு வையுங்கள். மேற்பரப்பு ஈரமாக இருந்தால் அந்த நீர் ஆவியாகும்வரை சிவக்காது. இறைச்சி வெந்து வெளுக்குமே தவிர, நாம் விரும்பும் மணமான பழுப்பு வராது.

முதலில் துண்டுகளைக் கொழுப்போரம் கீழாக நிமிர்த்திப் பிடித்து ஒன்றிரண்டு நிமிடம் உருக விடுங்கள். பின் ஒவ்வொரு பக்கமும் கடும் சூட்டில் 3 முதல் 4 நிமிடம். இது 2.5 சென்ரிமீற்றர் கனமுள்ள இளம் செம்மறிக்கு உரிய கணக்கு. நம்மில் பலர் விரும்புவதுபோல முழுதும் வேக வேண்டுமானால், சிவந்த துண்டுகளைத் தணலற்ற பக்கத்துக்கு நகர்த்தி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து மேலும் 4 அல்லது 5 நிமிடம் விடுங்கள். கடும் சூட்டிலேயே வைத்துத் தீய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இறைச்சி வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் நடுத்தசையில் குத்திப் பாருங்கள். முழுத் துண்டுக்கு 63 பாகை செல்சியஸும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் பாதுகாப்பான குறைந்த அளவு. அந்நிலையில் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோயுற்றோர் உண்பதாயின் 71 பாகையைத் தாண்டி, சிவப்பு முற்றிலும் மறையும்வரை வேகவையுங்கள். இறக்கியபின் 5 நிமிடம் தட்டில் விட்டுவைப்பது தவறாமல் செய்ய வேண்டியது. பச்சை இறைச்சி இருந்த தட்டிலேயே வெந்ததை வைக்காதீர்கள். ஊறிய மசாலாவின் மீதியை மேலே தடவ விரும்பினால் முதலில் கொதிக்கவைத்துவிடுங்கள்.

கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் நீர் தெளிக்கலாமா?

தெளித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். துண்டை நகர்த்துங்கள்; தீ தானாக அடங்கும். ஓரக் கொழுப்பை அரை விரல் அளவுக்கு மட்டும் விட்டு மீதியை முன்பே வெட்டிவிட்டால் தொல்லை குறையும்; ஆட்டு வாடையின் பெரும்பகுதி கொழுப்பில்தான் இருப்பதால் வாடை பிடிக்காதவர்களுக்கும் அது உதவும். கருகிய ஓரங்களை உண்ணாமல் சீவி எறிந்துவிடுங்கள்.

முதிர்ந்த வெள்ளாடு, அல்லது நெஞ்சு விலாதான் கிடைத்தது. அதை வாட்டவே முடியாதா?

முடியும், இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். இணைப்புத்திசு 70 பாகைக்கு மேல், நீண்ட நேரம் ஈரச் சூட்டில் இருந்தால்தான் கூழாக இளகும். தணலின் பத்து நிமிடத்தில் அது நடக்காது. எனவே உப்பு, மஞ்சள், இஞ்சி, ரம்பை இலை ஆகியவற்றோடு துண்டு மூழ்கும் அளவு நீரில், கத்தி முனை எளிதாக இறங்கும்வரை மெல்லிய தீயில் வேகவையுங்கள். எலும்பிலிருந்து தசை கழன்றுவிடக் கூடாது. ஆறவிட்டு, ஈரத்தை ஒற்றி, மேலே சொன்ன கலவையை உப்பில்லாமல் தடவி, ஒரு மணித்தியாலம் கழித்துத் தணலில் ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 நிமிடம் வாட்டினால் போதும்.

இங்கே மலையின் உயரம் குறுக்கிடுகிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் அது ஏறத்தாழ 96 பாகை. கொழும்பில் இருக்கும் உறவினர் ஒரு மணித்தியாலத்தில் வெந்துவிட்டது என்று சொன்னால், உங்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதை எதிர்பாருங்கள். உங்கள் இறைச்சியிலோ கைப்பக்குவத்திலோ குறையில்லை. அழுத்தக் குக்கர் இந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். உண்மையைச் சொன்னால், நம் ஊர் வெள்ளாட்டுக்கு இந்த இரண்டு கட்ட முறையைத்தான் நான் பெரிதும் விரும்புகிறேன். செம்மறியின் மென்மை இதில் இல்லை, ஆனால் எலும்பருகுச் சதையில் ஊறியிருக்கும் சுவை இதற்கே உரியது.

எரிவாயு அடுப்பில் செய்ய முடியுமா?

தடித்த இரும்புத் தோசைக்கல்லில் நன்றாக வரும். கல்லைப் புகை எழும்வரை சூடாக்கி, துண்டுகளை நெருக்காமல் மூன்று நான்காக வைத்து வாட்டுங்கள். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உடன் எதைப் பரிமாறுவது பொருந்தும்?

கட்டைச் சம்பலும் ரொட்டியும், அல்லது அடுப்புச் சூடு ஆறாத பாணும் போதும். தணல் வீணாகாமல் நுவரெலியா லீக்ஸை நெடுக்காகப் பிளந்து உப்பும் எண்ணெயும் தடவி வலையின் ஓரத்தில் வாட்டுங்கள். வெளிமடல் கருகினாலும் உள்ளே இனித்துக் குழைந்திருக்கும். புதினா, பச்சைமிளகாய், தயிர் அரைத்த துவையல் கொழுப்பின் திகட்டலை நீக்கும். கோவா சுண்டலைவிடப் பச்சைக் கரட்டைத் துருவித் தேசிக்காய் பிழிந்து வைப்பது எனக்கு உவப்பானது.

மீந்ததை என்ன செய்வது?

பரிமாறி 2 மணித்தியாலத்துக்குள் குளிரில் வைத்துவிட்டால் மூன்று நாளுக்குள் உண்ணலாம். மறுபடி வாட்டினால் உலர்ந்துவிடும். சதையை எலும்பிலிருந்து பிரித்து, வெங்காயமும் லீக்ஸும் சேர்த்துப் பிரட்டிக் கொத்து ரொட்டிக்குப் பயன்படுத்துவதே சிறந்த வழி. எலும்புகளை எறியாதீர்கள். தணலில் சிவந்த எலும்பை மிளகு, சீரகம், தட்டிய பூண்டு, இரண்டு தக்காளி ஆகியவற்றோடு குக்கரில் முக்கால் மணித்தியாலம் வைத்தால், மழை நாளின் இரவுச் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளப் புகைமணம் மாறாத எலும்பு ரசம் கிடைக்கும்.